முப்பத்தெட்டடி மனை

அத்தியாயம் 19

அனுப்பிரியாவைப் போன வாரம் எங்கே விட்டோம்? நகரத் திட்ட அலுவலகத்தின் மாடிப்படியில். பதினோராவது நடையாகப் போய், "புதன்கிழமை சர்வேயர் வருவாரு, இடத்துல இருங்க" என்ற ஒற்றை வாக்கியத்தை வரம் மாதிரி வாங்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

இதோ, புதன்கிழமை வந்துவிட்டது. சர்வேயர்தான் வரவில்லை.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர். இப்போது மணி பத்தே முக்கால். போன் அடித்தால் முழுதாக அடித்து நிற்கிறது. பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டதற்கே மேனேஜர் ஏதோ அவர் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முகத்தைச் சுளித்திருந்தார். அரை நாள் இப்போதே பாதி தீர்ந்துவிட்டது.

கம்பெனியில் அவள் குவாலிட்டி செக்கர். காலை முதல் மாலை வரை கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். டி-ஷர்ட்டின் மார்பு அகலம் அரை இஞ்ச் கூடியிருந்தால் எடுத்துக் கூடையில் போட்டுவிடுவாள், யார் கெஞ்சினாலும் கேட்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவளின் வீடே ஒரு அடி தள்ளி நிற்கிறது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வயிறு எரிந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்த ஒரு அடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணரை ஊரைத் தாண்டி வேலவன் நகர் என்று ஒரு மனைப்பிரிவு. அனுப்பிரியாவின் அப்பா ஆறுச்சாமி அங்கே அடுத்தடுத்து இரண்டு சைட் வாங்கினார். பதினைந்தாம் நம்பர் மகளுக்கு, பதினாறாம் நம்பர் மகன் தரணீதரனுக்கு. இரண்டும் முப்பத்தெட்டடி அகலம், அறுபதடி நீளம். மேற்கே பதினொன்றில் தொடங்கும் அந்த வரிசையில் பதினாறுதான் கடைசி. அதற்கப்பால் பூங்காவுக்கு விட்ட இடம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆறுச்சாமி மனையடிப் புத்தகத்தைப் புரட்டும் வரைக்கும். முப்பத்தெட்டடி ஆகவே ஆகாதாம். பேய் குடியிருக்குமாம். முப்பத்தேழு என்றால் லாபம், முப்பத்தொன்பது என்றால் சுகம். மனுஷன் என்ன செய்தார்? இரண்டு மனைக்கும் நடுவிலிருந்த கல்லைப் பிடுங்கிக் கிழக்கே தள்ளி நட்டார். மகளுக்கு முப்பத்தொன்பது, மகனுக்கு முப்பத்தேழு. பேய் போயிற்று, சுகமும் லாபமும் வந்து உட்கார்ந்தன. பத்திரத்தில் மட்டும் இரண்டும் முப்பத்தெட்டாகவே இருந்தன. நம்ம பிள்ளைகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று மகளின் வீட்டை எழுப்பிப் பால் காய்ச்சிவிட்டார்.

இப்போது கேட்க ஆள் வருகிறது. தரணீதரனின் யூனிட் படுத்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டர் நின்று நாலு மாதமாகிறது. இருபது தையல் மெஷினுக்கும் துணி போர்த்தி வைத்திருக்கிறான். காலியாகக் கிடக்கும் பதினாறாம் நம்பரை விற்றால்தான் அவனுக்கு மூச்சு. வருகிற திங்கட்கிழமை பத்திரப் பதிவு. வாங்குகிறவர் அளந்து பார்ப்பார். பத்திரத்தில் முப்பத்தெட்டு இருக்க, அனுப்பிரியாவின் வீட்டுச் சுவர் உள்ளே நின்றால், இடித்துக் கொடு என்பார். அது வெறும் காம்பவுண்டுச் சுவரும் இல்லை. வீட்டின் கிழக்குச் சுவரே அதுதான். மாடிப்படியும் மேலே தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல்தான் நிற்கின்றன. அதை இடித்தால் வீடு என்று சொல்ல அங்கே என்ன மிஞ்சும்?

எனவே விற்பதற்கு முன்னால் எல்லையை முறைப்படி திருத்தி, திட்ட அலுவலகத்தின் ஒப்புதல் முத்திரையை வாங்கிவிட வேண்டும். அண்ணனும் சரி என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு அடி நிலம். அதற்குத்தான் எட்டு மாதம், பதினோரு நடை.

முதல் நடையில் வரைபடம் அடியில் இருந்தது, மீட்டரில் போட்டு வா என்றார்கள். மீட்டரில் போட்டுப் போனால், கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நீல மையில் போட்டு வா என்றார்கள். நீல மையோடு போன அன்று அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். ஐந்தாவது நடையில் ஃபைலே காணவில்லை. ஆறாவதில் அது கிடைத்தது, ஆனால் வேறு யாரோ ஒருவரின் கிணற்று வரைபடம் அதற்குள் இருந்தது. மிச்ச நடைகளைச் சொன்னால் இந்த வாரப் பக்கம் தீர்ந்துவிடும்.

"என்ன அம்மிணி, இன்னும் வரலையா உன்ற சர்வேயர்?"

தரணீதரன் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். இரண்டு நாள் தாடி. சட்டைப் பையில் சம்மதக் கடிதத்தின் நுனி தெரிந்தது. சர்வேயர் முன்னால் கொடுக்க வேண்டும் என்று அவள்தான் எடுத்து வரச் சொல்லியிருந்தாள்.

"வந்துருவாருங்கண்ணா. காப்பி குடிக்கிறீங்களா?"

"ஒண்ணும் வேண்டாம். பன்னெண்டு மணிக்கு மெஷின் பாக்க ஆள் வருது. பழைய இரும்புக்குன்னு கேக்கறான். இரும்புக்குக் கேக்கறவனுக்குக் கூட நான் காத்துக் கெடக்கோணும், பாத்துக்க."

ஜன்னல் வழியாக ஆறுச்சாமியின் குரல் வந்தது.

"தரணி வந்துட்டானா கண்ணு? உள்ள வரச் சொல்லு."

கிழக்குப் பக்க அறையில்தான் அவர் கட்டில். எழுபத்தாறு வயது. போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நாலு கால் ஊன்றுகோல். தரணீதரன் இருப்பது லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி வாடகை வீடு. அதனால் அப்பா மகள் வீட்டில் இருக்கிறார். அவளுடைய கணவன் செல்வக்குமார் ஒரு நாளும் முகம் கோணவில்லை. இப்போதும் அவன் கம்பெனி கண்டெய்னரை ஏற்றிவிடத் தூத்துக்குடி போயிருக்கிறான். அவன் இருந்திருந்தால் இன்றைய நாள் இப்படிப் போயிருக்காதோ என்னவோ.

"சர்வேயர் வந்த பொறவு வர்றேனுங்ப்பா" என்றான் தரணீதரன், ஜன்னல் பக்கம் திரும்பாமலே.

பதினொன்று பத்துக்குச் சர்வேயர் முருகேஷ் வந்து சேர்ந்தார். சின்ன வயசு. தென்காசிப் பக்கத்துப் பேச்சு. தோளில் முக்காலி, கையில் அளக்கிற மஞ்சள் பெட்டி.

"மன்னிச்சுக்கிடுங்கக்கா. கூட வர்றவரு இன்னைக்கு லீவு. நீங்களே இந்தக் கம்பை நேரா பிடிச்சுக்கிடுறீங்களா?"

அளக்கிற வேலை அவளுக்குப் புதுசா? கம்பை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக் கல்லருகே போய் நின்றாள்.

"அங்கன இல்லக்கா. ரோட்டு மூலைக்கு வாங்க, பதினொண்ணாம் நம்பர்கிட்ட."

"ஏனுங்க, எங்க கல்லு இங்க இருக்குதுங்களே. எங்க ரெண்டு சைட்டுத்தானுங்க."

"எல்லாரும் அவங்கவங்க கல்லைத்தான் காட்டுவாங்க. கல்லு நடந்து போயிரும்க்கா. ரோட்டு மூலை நடக்காது. அங்கிருந்துதான் வரணும்."

சரி என்று போனாள். மேற்கு மூலையில் பதினொன்றாம் நம்பர். முருகேஷ் முக்காலியை நிறுத்தி, மேலே பெட்டியைப் பூட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலிருந்த காம்பவுண்டுச் சுவரில் கம்பை வைக்கச் சொன்னார். குறித்துக்கொண்டார்.

"இந்தச் சுவரு ஒரு அடி கிழக்க இருக்கே" என்றார்.

அவருக்கென்ன, சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அனுப்பிரியா திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அடுத்த சுவரில் கம்பை வைத்தாள். இரண்டு அடி. அதற்கடுத்ததில் மூன்று. பதின்மூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவே நிற்கும்போதே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மேலே வைக்க வேண்டாம் என்று கை சொன்னது.

பதினாலாம் நம்பர் இளங்குமரன் கையில் பேப்பரோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன அம்மிணி, எங்கூட்டையும் அளக்கறீங்களா?"

"சார், உங்க சைட்டு எத்தனை அடிங்க?"

"முப்பத்..." என்று ஆரம்பித்தவர் சர்வேயரைப் பார்த்தார். பேப்பரை மடித்தார். அவள் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "முப்பத்தொம்பதுங்க. முப்பத்தெட்டு ஆகாதுங்களே. ஊடு கட்டறப்ப ஒரே ஒரு அடி தள்ளிப் போட்டேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

அட ஆண்டவனே! பதினொன்றுக்காரர் பேய்க்குப் பயந்து ஒரு அடி தள்ளினார். அவர் சுவரிலிருந்து முப்பத்தொன்பதை அளந்து பன்னிரண்டுக்காரர் தள்ளினார். அவர் சுவரிலிருந்து அடுத்தவர். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் தெருவே சேர்ந்து பேயை ஓட்டியிருக்கிறது. ஓடின பேய் எங்கே போகும்? கடைசி மனைக்குத்தான்.

பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே நாலடி. கடைசியாகப் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவே அவள் வீட்டுக் கிழக்குச் சுவர். கம்பை வைத்தாள். முருகேஷ் ஒரு தடவை பார்த்தார். பெட்டியைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அஞ்சடிக்கா."

தரணீதரன் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"எத்தனைங்க?"

"அஞ்சடி சார். இந்தச் சுவரு உங்க இடத்துக்குள்ள அஞ்சடி வந்திருக்கு. நீங்க முப்பத்தேழடி இருக்குன்னு சொல்லுதீங்கள்ல, அதுல நாலடி பார்க் இடம். அதை விட்டுத்தான் ஆவணும். உங்க சொந்த இடத்துல இப்ப உங்க கையில இருக்கறது முப்பத்திமூணு."

பெயிண்ட் டப்பாவைத் திறந்து, வீட்டின் முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். பின்சுவரிலும் போய்ப் போட்டார். இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால் எல்லை அப்பாவின் அறையைப் பிளந்துகொண்டு போனது. கட்டில் முழுசாகத் தரணீதரனின் மனையில் கிடந்தது.

"இனி என்னங்க செய்யறது?" அனுப்பிரியா கம்பை அவரிடம் நீட்டினாள்.

"நான் ஒரு அடின்னு எழுத முடியாதுக்கா. இருக்கறதைத்தான் எழுதணும். தெரு மொத்தமும் ஒண்ணு சேந்து கையெழுத்துப் போட்டுத் திருத்திக்கிடலாம். ஆனா ஆறு பேரைச் சேத்து முடிக்க வருஷம் ஆயிரும். உடனே வேணும்னா ஒரே வழிதான். அஞ்சடிக்கும் எனக்குச் சம்மதம்னு அண்ணாச்சி புதுசா எழுதித் தரணும். வெள்ளிக்கிழமை மீட்டிங்குல உங்க ஃபைல் இருக்கு. அதுக்குள்ள வந்தா உங்க சுவரு தப்பிச்சிரும். இல்லேன்னா ஃபைலை மூடிருவாங்க. முதல்ல இருந்து போடணும்."

முதலிலிருந்து! எட்டு மாதம், பதினோரு நடை, மீட்டர், நீல மை, கிணற்று வரைபடம் எல்லாம் மறுபடியும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அவளுக்குச் சாலையில் உட்கார்ந்து ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முருகேஷின் தாளில் காட்டிய இடத்தில் நீல மையில் கையெழுத்துப் போட்டாள். அவர் முக்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணா..."

"அஞ்சடி" என்றான் அவன்.

"எம்பட இடத்துல நாலடி இளங்குமரன் சார்கிட்ட இருக்குதுங்க. நான் கூட எடுத்தது ஒரே ஒரு அடிதானுங்கண்ணா."

"கணக்கு எனக்கும் வருது அம்மிணி. எம்பட இடத்துல நிக்கற சுவரு யாருது? இளங்குமரனுதா?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஆறுச்சாமி கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா சாமி. அளந்தாச்சா? நான் போட்டது ஒரு இஞ்ச் பிசகாதே!"

"ஏனுங்ப்பா, அன்னைக்குக் கல்லு நட்டீங்களே, எங்க இருந்து அளந்தீங்க?"

"பதினாலுக்காரன் சுவத்துல இருந்துதான். ஏன்?"

"அந்தச் சுவரே நாலடி தள்ளி நின்னுதுங்களாமா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது சாமி என்று அவர் சொல்லிவிடுவார் என்று அனுப்பிரியா காத்திருந்தாள். சொன்னால் போதும். வயசான மனுஷன், ஏமாந்துவிட்டார், தெருவே ஏமாந்துவிட்டது. அண்ணன் இரண்டு நாள் கோபப்படுவான், பிறகு கையெழுத்துப் போட்டுவிடுவான்.

ஆறுச்சாமி ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரில் பேர். அந்தப் பேர் அன்றைக்குத்தானா வேலை செய்ய வேண்டும்?

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முந்தின நாளே ரோட்டு மூலையிலிருந்து டேப் புடிச்சுப் பாத்தேன். ரெண்டு தாட்டி பாத்தேன். நாலு பேரும் தள்ளீருக்கறாங்கன்னு தெரிஞ்சுது. சண்டை போட்டா கோர்ட்டுக் கச்சேரின்னு அலையோணும். கடைசி சைட்டு ஒருபக்கம் பார்க்கு. நாலடி உள்ள போனா எவன் கேக்கப் போறான்னு உட்டுட்டேன்."

"கடைசி சைட்டு என்னுது."

"ஆமாஞ் சாமி."

"கொறைஞ்சு வரும்னு தெரிஞ்சே எனக்கு அதைக் குடுத்தீங்க. அவளுக்குக் கெட்டியான இடம். எனக்குப் புறம்போக்கு."

"அப்பா, பேசாம இருங்க" என்றாள் அனுப்பிரியா. அவர் வாயைக் கையால் பொத்திவிடலாம் போலிருந்தது அவளுக்கு. அவர் கேட்டால்தானே.

"நீ ஆம்பளப் பையன் சாமி. ஒரு இடம் போனா இன்னொரு இடம் புடிச்சுக்குவே. அவ எங்க போவா?"

தரணீதரனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. இருபது மெஷினையும் இரும்புக்குப் பேசிக்கொண்டிருக்கிற மனுஷனிடம், இன்னொரு இடம் பிடித்துக்கொள்வாய் என்று சொல்லியாயிற்று.

அவளுக்குத்தான் முதலில் வெடித்தது.

"நான் எங்க போவேன்னு என்னைக் கேட்டீங்களாப்பா? எங்கூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பதினோரு தாட்டி அந்த ஆபீஸ் படி ஏறினேன். ஒரு அடி, ஒரு அடின்னு ஒவ்வொருத்தருகிட்டயும் கெஞ்சினேன். அப்பவெல்லாம் இந்தக் கட்டில்ல படுத்துட்டுத்தான இருந்தீங்க? ஒருக்காவது சொன்னீங்களா?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு..."

"என்ற நல்லதா! வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கலீன்னா இந்த ஊடே இல்லீங்ப்பா!"

தரணீதரன் சட்டைப் பையிலிருந்து சம்மதக் கடிதத்தை எடுத்தான். பிரித்து ஒரு முறை படித்தான். கிழித்துவிடுவானோ என்று அவள் பதறினாள். அவன் கிழிக்கவில்லை. பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

வாசலில் மறித்துக்கொண்டாள்.

"அண்ணா, அப்பா பண்ணுனது தப்புத்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. நீங்க எழுதிக் குடுங்க, இளங்குமரன் சார்கிட்டப் பேசி அந்த நாலடியை நான் வாங்கித் தர்றேன். தெரு மொத்தத்துக்கும் நானே அலையறேன். என்ற மேல சத்தியமாச் சொல்றேனுங்க."

"ஒரு அடிக்குப் போட்ட கையெழுத்து அம்மிணி இது."

"அஞ்சடிக்குப் போடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் திறந்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் அவன் கையில் போன் அடித்தது. திரையில் யார் பெயர் என்று அவளுக்கும் தெரிந்தது. சைட் வாங்குகிறவர்.

தரணீதரன் அது இன்னும் இரண்டு தடவை அடிக்கும் வரை போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க... ஆமாங்க, இன்னைக்குத்தான் அளந்தாங்க. முப்பத்தெட்டும் நம்முளுது முழுசா இருக்குதுங்க... திங்கக்கிழமை வெச்சுக்கலாமுங்க, மாத்த வேண்டாம்."

எதிர்முனையில் ஏதோ கேள்வி.

"அதெல்லாம் ஒண்ணும் பெரிய விசயம் இல்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க சுவரு அஞ்சடி உள்ள வந்திருக்குது. இடிச்சுக் குடுத்துருவாங்க."

அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுதான் அதைச் சொன்னான்.